வலி நின்றது, வைத்தியம் நிற்கலாமா?

இராயபுரத்துச் சந்து ஒன்று. இரவு 2 மணி. ஊர் உறங்குகிறது, துறைமுகம் உறங்கவில்லை. பெட்டகங்களை ஏற்றிய லாரிகள் சாலையில் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த இரைச்சலையும் மீறி ஓர் ஓட்டு வீட்டிலிருந்து முனகல் கேட்கிறது. முனகுபவர் நோஞ்சான் அல்லர். முப்பது ஆண்டு மூட்டை சுமந்த தோள். இரும்பைத் தூக்கி இரும்பாகிவிட்ட கை. அந்த உடல் இப்போது கட்டிலில் சுருண்டு கிடக்கிறது. காலின் பெருவிரல் செக்கச் சிவந்து வீங்கியிருக்கிறது. போர்வையின் நுனி பட்டால் அலறுகிறார். மின்விசிறிக் காற்றுகூடச் சுடுகிறது என்கிறார்.

அவர் பெயரைச் சொல்லவில்லை, தோழர்களே! ஒருவர் பெயரைச் சொல்லத் தொடங்கினால் தெருவையே சொல்ல வேண்டியிருக்கும். காசிமேட்டில் வலை இழுப்பவர், திருவொற்றியூரில் தொழிற்சாலை வாயிலில் ஷிப்டுக்குக் காத்து நிற்பவர், எண்ணூரில் லாரி ஓட்டுபவர், இவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த இரவு தெரியும். கவுட் என்று மருத்துவர்கள் சொல்லும் யூரிக் அமில வாதம் வரும் வழி இதுதான். பெரும்பாலும் இரவில் வரும், பெரும்பாலும் பெருவிரலில் வரும், வந்தால் படுக்கையில் தள்ளிவிட்டுத்தான் ஓயும்.

விடிந்தால் என்ன நடக்கிறது? பக்கத்து வீட்டுக் கிழவி வருகிறாள். "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்கிறாள். மந்திரித்த கயிறு ஒன்று காலில் ஏறுகிறது. மருந்துக் கடையிலிருந்து செட்டு மாத்திரை வருகிறது; சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, எது என்னவென்று விற்றவருக்கும் சொல்ல நேரமில்லை, வாங்கியவருக்கும் கேட்க நேரமில்லை. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். வலி போய்விடுகிறது. கயிறு வென்றது என்கிறாள் கிழவி. செட்டு மாத்திரை வென்றது என்கிறார் கடைக்காரர்.

வென்றது எது? எதுவுமே இல்லை! இந்த நோயின் குணமே அது. கொதித்து எழும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். கயிறு கட்டினாலும் அடங்கும், கட்டாவிட்டாலும் அடங்கும். தானாக விடிகிற பொழுதுக்குத் தான் கூவியதே காரணம் என்று சேவல் பெருமை பேசலாம். சிந்திக்கத் தெரிந்த மனிதன் அதை நம்பலாமா?

வலி போனது, நோய் போகவில்லை. இதை மக்களுக்குப் புரிய வைப்பதுதான் இந்த நோயின் வைத்தியத்தில் பாதி. அந்தப் பாதியைச் செய்யக்கூடியவர் யார் என்று சொல்லத்தான் இன்று எழுதுகிறேன்.

மன்னர் நோயாம்!

இந்த நோய்க்கு மேல்நாட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: மன்னர்களின் நோய். மாமிசமும் மதுவும் மலிந்த மாளிகைகளில் வாழ்ந்தவர்களுக்கு வந்ததால் அந்தப் பெயர். பாதி ஐரோப்பாவை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் இந்த நோயால் நைந்து போனான். 1556இல் முடியைத் துறந்து மடாலயத்தில் ஒதுங்கினான். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவனது விரல் எலும்பை 450 ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள். யூரிக் அமிலப் படிகங்கள் எலும்பை அரித்திருந்ததைக் கண்டு 2006இல் உலகுக்குச் சொன்னார்கள். படை நடுங்கும் பேரரசன், பெருவிரலுக்கு நடுங்கினான்!

ஆனால் மன்னர்கள் போய்விட்டார்கள், நோய் போகவில்லை. மகுடத்தை விட்டுவிட்டு மண்வீட்டுக்கு வந்திருக்கிறது. மாளிகைக்காரன் படுத்தால் மருத்துவன் ஓடி வந்தான். இங்கே பாட்டாளி படுத்தால் அன்றைய கூலி போகிறது. "ஒப்பந்தக்காரர் நாளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்" என்ற பயம் வலியைவிடக் கொடியது. மன்னனுக்கு வந்தால் நோய். தொழிலாளிக்கு வந்தால் அது வேலை நீக்க உத்தரவு!

இன்னொரு கொடுமை, பழி. "குடிச்சிருப்பான், அதான் வந்திருக்கு" என்று ஊர் சொல்கிறது. குடி நோயைத் தூண்டும் என்பது உண்மை. ஈரலும், நெத்திலியும், மத்தியும் அளவு மீறினால் தூண்டும் என்பதும் உண்மை. ஆனால் முழு உண்மை அதுவல்ல. யூரிக் அமிலத்தின் பெரும்பகுதியை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அந்த வேலை சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக நடக்கிறது, அது பரம்பரை. சிறுநீரகம் பழுதானால் இன்னும் மந்தமாகிறது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகளும் அமிலத்தை ஏற்றிவிடும். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத தாய்மாருக்கும், மாதவிடாய் நின்ற வயதுக்குப் பின் இது வருகிறது. வாயைக் கட்டுவதால் மட்டும் குறைவது கொஞ்சமே. பழி சொல்லி வைத்தியம் செய்ய முடியாது.

உப்பளத்தைப் பாருங்கள்

நோய் எப்படி உண்டாகிறது? எண்ணூர்ப் பக்கத்து உப்பளம் பார்த்தவருக்கு இது விளங்கும். கடல்நீரில் உப்பு இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. பாத்தியில் நீர் வற்ற வற்ற, கரைந்து நிற்கும் எல்லையை உப்பு தாண்டுகிறது. தாண்டியதும் வெள்ளையாய்ப் பூக்கிறது. இரத்தத்தில் யூரிக் அமிலமும் அப்படியே. 100 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரை கரைந்து நிற்கும். அதற்கு மேல் போனால், ஆண்டுக்கணக்கில், மூட்டுக்குள் ஊசி போன்ற படிகங்களாகப் படியும். ஒரு நாள் உடலின் காவற்படை அந்த ஊசிகளைப் பகை என்று எண்ணிப் பாய்கிறது. அந்தப் போர்தான் அந்த இரவு வலி. அதைக் கவனிக்காமல் விட்டால் மூட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டிபோல் முண்டுகள் வளரும். மூட்டு அழியும், சிறுநீரகத்தில் கல் சேரும்.

தீர்வு உண்டா? உண்டு! அமிலத்தை 6க்குக் கீழே கொண்டுவந்து, அங்கேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தினால், படிந்த படிகம் மெல்லக் கரைகிறது. முண்டு விழுந்தவர்களுக்கு 5க்குக் கீழே என்று இலக்கு வைப்பார்கள். கரைந்த பிறகு வலிக்கு வேலை இல்லை. நாட்பட்ட மூட்டு நோய்களில், அடிப்படைக் காரணத்தையே அகற்றி இவ்வளவு தீர்க்கமாக அடக்கக்கூடிய நோய் இதைப்போல் வேறொன்றைக் காட்டுவது அரிது.

அதற்கான மாத்திரை அல்லோபூரினால். 1966இல் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் பெண்: கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதற்காகவே ஆய்வுக்கூட வேலை மறுக்கப்பட்டவர். டாக்டர் பட்டம் முடிக்க வாய்ப்பில்லாதவர். அவரே 1988இல் நோபல் பரிசு மேடையில் நின்றார்! பெண்ணுக்கு அறிவு எதற்கு என்று கேட்ட பழமைக்கு அந்த மாத்திரை ஒரு பதில்.

வலிக்கான இன்னொரு மருந்து கோல்சிசின். அது இருக்கும் செடிகளில் ஒன்று நம் வேலியோரத்துச் செங்காந்தள். சங்கப் புலவர் மங்கையர் விரலுக்கு உவமை சொன்ன மலர். தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு என்று நம் உழவர் பயிரிட்டு விதையை மருந்துக்காக விற்கிறார்கள். அதே கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அதை அரைத்துக் குடித்து உயிரை விட்டவர்கள் உண்டு. செடியில் இருப்பது நஞ்சு. ஆய்ந்து, அளந்து, மாத்திரையாக்கித் தந்தால் மருந்து. இடையில் இருப்பது விஞ்ஞானம்.

பின் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

மருந்து இருக்கிறது. விலையும் மலைக்க வைப்பதில்லை. நோயாளி இருக்கிறார். பின் ஏன் நோய் தீரவில்லை? மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்! நம் ஊர் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு 7 நாட்பட்ட நோய்களை ஒப்பிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர் 100க்கு 72 பேர். கவுட் மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர் 100க்கு 37 பேர்தான்! ஏழிலும் கடைசி இடம்.

"படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை" என்று இங்கே சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். படித்த அமெரிக்காவிலும் அதே கதை என்றால், குறை படிப்பிலா இருக்கிறது? விடுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவை மடமை அல்ல, சொல்லப்படாத செய்திகள்.

முதல் காரணம்: வலி இல்லாத நாளில் மாத்திரை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது: மாத்திரை தொடங்கிய முதல் சில திங்களில் வலி மறுபடி வருகிறது. படிந்த படிகம் கரைந்து உதிரும்போது மூட்டு சீறும். "மாத்திரை போட்டும் வலிக்குதே, மாத்திரையே ஆகலை" என்று தூக்கி எறிகிறார். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று முன்கூட்டிச் சொன்னவர் இல்லை. மூன்றாவது: அளவு போதவில்லை. 100 மில்லிகிராமில் தொடங்கி, சிறுநீரகம் பழுதானவர்க்கு அதற்கும் கீழே தொடங்கி, இரத்தம் பார்த்துப் பார்த்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். தொடங்கிய அளவிலேயே பல ஆண்டு நிற்பவர்கள் பலர். நான்காவது: கூலி. ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசை என்றால் ஒரு நாள் அடுப்பு அணையும்.

இந்த நான்குக்கும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அரை மணி, பிறகு திங்களுக்குக் கால் மணி. அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? காலை முதல் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் அரசு மருத்துவரிடமா? அவரைக் குறை சொல்லவில்லை, கை இரண்டுதானே! இங்கேதான் செவிலியர் வருகிறார்.

சிஸ்டர் சொன்ன பதில்

வடசென்னைத் தெருவில் செவிலியர் என்றால் யாருக்கும் தெரியாது. சிஸ்டர் என்றால் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். அந்த முறை சொல்லிலேயே உறவு இருக்கிறது. அத்தகைய ஓர் உரையாடலைக் கேளுங்கள்.

"வலி பூட்ச்சும்மா. நோவு இல்லாதப்போ மாத்திரை இன்னாத்துக்கு?"

"அண்ணே, போட்டுல ஓட்டை விழுந்தா தண்ணியை இறைச்சுக்கிட்டே இருப்பீங்களா, ஓட்டையை அடைப்பீங்களா?"

"அடைக்கத்தான் வேணும்."

"வலி மாத்திரை தண்ணி இறைக்குறது. இந்த மாத்திரை ஓட்டையை அடைக்குறது. கரையில நிக்கிறப்பதானே ஓட்டை அடைப்பீங்க? வலி இல்லாத நாள்தான் அண்ணே நமக்குக் கரை."

"அப்போ இத்தைப் போட்டா வலி வராதா?"

"முதல்ல நாலஞ்சு மாசம் வரலாம். கடலோர வீட்டுச் சுவர்ல பூத்த உப்பைச் சுரண்டினா உதிரத்தான் செய்யும். அதுக்காக டாக்டர் கூடவே ஒரு சின்ன மாத்திரை குடுத்திருக்காரு. வலி வந்தாலும் இதை நிறுத்தாதீங்க. ஆனா உடம்புல தடிப்பு, சொறி, காய்ச்சல் வந்துச்சுன்னா உடனே நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். ராத்திரின்னாலும் வரணும்."

பார்த்தீர்களா! இதில் அதட்டல் இல்லை. "ஏன் போடலை?" என்ற விசாரணை இல்லை. நோயாளியின் மொழியில், நோயாளியின் தொழிலிலிருந்து எடுத்த உவமையில், நோயாளியின் கேள்விக்குப் பதில். அதன்பின் அவர் எண்ணைச் சொல்கிறார்: "போன தடவை 9.2, இந்தத் தடவை 7.1. இன்னும் கொஞ்சம் இறங்கணும்." கூலிக்கணக்கைத் துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த தொழிலாளிக்கு இந்தக் கணக்கு புரியாதா? எண் இறங்குவதைக் கண்ணால் கண்டவன் மாத்திரையை விடுவதில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவன் ஒரு வாரம் கீழ்ப்படிவான். உண்மை புரிந்தவன் ஆயுளுக்கும் தொடர்வான்.

நாட்டிங்காம் தந்த சான்று

இது மேடைப் பேச்சு அல்ல. அளந்து பார்த்த உண்மை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து ஆய்வாளர்கள், பேராசிரியர் மைக்கேல் டோஹர்ட்டி தலைமையில், கவுட் நோயாளிகள் 517 பேரை இரு கூறாகப் பிரித்தார்கள். 255 பேரைப் பயிற்சி பெற்ற செவிலியர் பார்த்தனர். 262 பேருக்கு வழக்கம்போல் குடும்ப மருத்துவர் வைத்தியம். செவிலியர் செய்தது என்ன? நோயாளி தன் நோயைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று முதலில் கேட்டார்கள். நோய் எது, மருந்து எது, இலக்கு எது என்று விளக்கினார்கள். முடிவை நோயாளியோடு சேர்ந்து எடுத்தார்கள். இரத்தம் பார்த்து அளவை ஏற்றினார்கள்.

இரண்டு ஆண்டு கழிந்தது. இலக்குக்குக் கீழே அமிலம் இறங்கியவர்கள், வழக்கமான வைத்தியத்தில் 100க்கு 30 பேர். செவிலியர் பார்த்தவர்களில் 100க்கு 95 பேர்! இரண்டாம் ஆண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி கண்டவர்கள் அங்கே 100க்கு 24, இங்கே 8. 2018இல் லான்செட் ஏட்டில் இது வெளியாயிற்று. செலவுக்கு ஏற்ற பயன் உண்டு என்றும் கணக்குக் காட்டினார்கள். புது மாத்திரை கண்டுபிடிக்கவில்லை; அதே பழைய மாத்திரைதான். மாத்திரைக்கும் மனிதனுக்கும் நடுவே ஒரு செவிலியரை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

"அது வெள்ளைக்காரன் ஊர். இங்கே நடக்குமா?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தப் பாடத்தின் முதல் வகுப்பே நம் சென்னையில்தான் நடந்தது!

சேத்துப்பட்டு உலகுக்குச் சொன்னது

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு. பணக்காரன் படுப்பான், ஏழைக்குக் கட்டில் ஏது? 193 நோயாளிகள். ஒரு சாரார் சானடோரியத்தில்; மறு சாரார் தங்கள் நெருக்கடி வீட்டிலேயே, அரைவயிற்றுக் கஞ்சியோடு, ஓராண்டு மருந்து. முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வந்தது. வீட்டில் மருந்து உண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமாயினர். வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. உலகத்தின் காசநோய் வைத்தியமே திசை மாறிற்று. சென்னைக் குடிசை, உலகப் பேராசிரியர்களுக்குப் பாடம் சொல்லிற்று!

ஆனால் ஒரு நிபந்தனை: மருந்து வயிற்றுக்குள் போக வேண்டும். அதற்காக மையத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போனார்கள்; மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள்; சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னாளில் கண்காணித்து மருந்து தரும் முறை வளர்ந்ததற்கு அந்த மையம் வேராக இருந்தது. எண்ணிப் பார்ப்பது அன்றைய வழி. எண்ணமே மாறச் செய்வது இன்றைய வழி. இரண்டிலும் கதவைத் தட்டியது ஒரு மனிதக் கைதான்.

அந்தக் கதவு தட்டும் வழியே, 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்த மக்களைத் தேடி மருத்துவம். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். நடக்க முடியாதவருக்கு இயன்முறை மருத்துவரும், படுத்த படுக்கையானவருக்கு வலி தணிக்கும் செவிலியரும் போனார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024இல் அந்தத் திட்டத்துக்கு வந்தது. நோயாளி மருத்துவத்தைத் தேடி அலைவது பழைய உலகம். மருத்துவம் நோயாளியைத் தேடி வருவது புதிய உலகம். அந்தப் புதிய உலகத்தின் பெட்டியில் யூரிக் அமிலத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கஞ்சித்தொட்டியின் மரபு

வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். மணியக்காரர் சத்திரத்தில் பஞ்சத்தில் அடிபட்டோருக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து முளைத்த மருத்துவமனை அது. பசித்தவனுக்குக் கஞ்சி, நொந்தவனுக்கு மருந்து. இரண்டும் ஒரே வாசலில் தொடங்கியது நம் ஊரின் பெருமை. அந்த மரபுக்கு ஏற்ற அடுத்த படி என்ன?

ஒன்று: தெருவோரத்து நலவாழ்வு மையத்திலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் யூரிக் அமிலமும் சிறுநீரக நிலையும் பார்க்கும் சோதனை தடையின்றிக் கிடைக்க வேண்டும். இரண்டு: மருத்துவர் நோயை உறுதி செய்து மருந்தைத் தொடங்கிய பிறகு, அவர் வகுத்த எழுத்து நெறிப்படி, இரத்தம் பார்த்து அளவை ஏற்றும் பொறுப்பைப் பயிற்சி பெற்ற செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று: மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மையம் திறந்திருக்க வேண்டும். ஷிப்டு முடித்து வரும் தொழிலாளிக்குப் பகல் 11 மணி மருத்துவம் பயன்படுமா? நான்கு: ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் அவர் எண் ஏறிய இறங்கிய கணக்கு. அட்டை நோயாளி கையில் இருக்க வேண்டும்; நோய் அவருடையது அல்லவா!

ஆலை முதலாளிகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு சொல். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று செவிலியர் சொல்வார். வெயிலில் வாடி நீர் வற்றினால் இந்த நோய் சீறும். ஆனால் குடிநீர்க் குழாயும் கழிப்பிடமும் இல்லாத வேலையிடத்தில் தண்ணீர் எப்படிக் குடிப்பது? அறிவுரை செவிலியருடையது, குழாய் வைக்க வேண்டிய கடமை உங்களுடையது.

செவிலியரின் அடுப்பு

கடைசியாக, கசப்பான ஒன்று. நோயாளி பத்தாண்டு மருந்தை விடக்கூடாது என்கிறோம். அந்த நோயாளியைப் பார்க்கும் செவிலியர் பத்தாண்டு அந்த இடத்தில் இருக்கிறாரா?

2015இல் போட்டித் தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளுக்கு வந்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் உழைத்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடி, நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். 2020இல் கொரோனாக் கொடுமையின் நடுவே ஒப்பந்தத்தில் அழைக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. ஓர் ஆட்சியில் ஒன்று, மற்றோர் ஆட்சியில் மற்றொன்று. ஆகவே இது எந்த ஆட்சி என்று பார்த்துப் பேசும் பேச்சு அல்ல. நம்மவர் ஆட்சியானால் நாவை மடக்குவதும், மாற்றார் ஆட்சியானால் நாவை நீட்டுவதும் நேர்மையாகாது.

நிதி நெருக்கடி என்பார்கள். விதி இடம் தரவில்லை என்பார்கள். கணக்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். அழிந்த மூட்டுக்கு அறுவை. பழுதான சிறுநீரகத்துக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். உழைக்க முடியாத ஆளின் குடும்பத்துக்கு வட்டிக் கடன். கண்ட கண்ட வலி மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கிச் சிறுநீரகத்தை இழந்தவர்களை எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்க்கலாம். ஒரு செவிலியரின் நியாயமான ஊதியம், இந்தச் செலவுகளுக்கு முன்னால் எம்மாத்திரம்?

தொடர் வைத்தியத்தின் உயிர் தொடர்ச்சி. சென்ற திங்கள் பார்த்த அதே முகம் இந்தத் திங்களும் வர வேண்டும். "அண்ணே, பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி நடந்துடலாம்னு சொன்னேனே, நடக்குறீங்களா?" என்று கேட்கக்கூடியவர் அவர்தான். ஒப்பந்தம் முடிந்து புது ஆள் வந்தால், அந்தக் கேள்வி போய்விடும். கேள்வி போனால் மாத்திரையும் போய்விடும். செவிலியருக்கு நிரந்தரம் கேட்பது செவிலியருக்காக மட்டும் அல்ல; அந்தப் பெருவிரலுக்காகவும்தான்!

தோழர்களே! மறுபடி அந்த இராயபுரத்துச் சந்துக்கு வாருங்கள். சேற்றிலும் எண்ணெயிலும் நின்று வெடித்த பாதம் அது. குனிந்து அந்தப் பாதத்தைத் தொடத் தயங்கியது ஒரு சமுதாயம். தொட்டால் தீட்டு என்றது. இன்று ஒரு பெண் வருகிறாள். தரையில் அமர்கிறாள். அந்தப் பாதத்தைத் தன் கையில் ஏந்தி, வீக்கம் எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கிறாள். "வலிக்குதா அண்ணே?" என்கிறாள். சுயமரியாதை பற்றி நாம் ஆயிரம் மேடையில் பேசியிருக்கிறோம். அந்தக் கை அதைச் சத்தமில்லாமல் செய்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், இன்று போய்க் கேளுங்கள்: "மாத்திரை போட்டீங்களா? கடைசியா எண் எவ்வளவு?" தெரியாது என்றால் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். காலில் கயிறு இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். அந்தக் கயிறு நோயைக் கட்டவில்லை, அறிவைத்தான் கட்டியிருக்கிறது. வலி நிற்கட்டும். வைத்தியம் நிற்க வேண்டாம்!